எதை விடுவது என்று கேட்டாய்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறாய் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்" என்று நடுவில் புகுந்துவிடுகிறார். கடிதம் என்றால் நீயும் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, நிதானமாகப் படிக்கலாம். இத்தனை வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

சிலம்பத்தை விடுவதா, ஜிம்மை விடுவதா என்பதுதான் உன் கேள்வி. இரும்பு தூக்கினால் உடம்பு இறுகிவிடும், கம்பு சுழலாது என்கிறார் ஆசான். கம்பு சுற்றுவதெல்லாம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத்தான், அதற்கு இவ்வளவு நேரம் எதற்கு என்கிறார் ஜிம்காரர். அவரவர் கடைச் சரக்கை அவரவர் புகழ்கிறார்கள், அவ்வளவுதான். நீ இரண்டையும் விட வேண்டாம். ஆனால் எது பெரியது, எது சிறியது என்று இன்றே முடிவு செய்துகொள். மாவட்டப் போட்டியில் நீ நிற்கப்போவது கம்போடு. அதனால் கம்புக்கு உதவுகிற அளவுக்கு மட்டும் இரும்பு போதும். எண்பது கிலோ தூக்கினேன் என்று நீ சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாதம் உன் வீச்சு மந்தப்பட்டிருக்கிறதே, அந்த எண்பது கிலோவை வைத்து என்ன செய்வது?

ஆசான் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. அவர் திண்ணையின் மூலையில், சுழற்றிப் பழகும் கனமான மரக்கட்டை, அந்தக் கர்லாக்கட்டை சாத்தியிருக்கிறதே, அதை என்ன பஞ்சிலா செய்தார்கள்? தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாமே கம்பு சுற்றுபவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த எடைப் பயிற்சிதான். கை, கால் மூட்டுகளை அவற்றின் முழு அளவுக்கு அசைத்துத் தூக்கினால் உடம்பின் வளைவு குறைவதில்லை. அரைகுறையாக அசைத்து, அளவுக்கு மீறி ஏற்றி, அலுப்போடு மறுநாள் கம்பைத் தொடுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்கும். அலுத்த உடம்பும் இறுகிய உடம்பும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

உன் நோட்டுப் புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு காலைகளில் சிலம்பம். உடம்பு அழகுக்காக ஜிம்முக்குப் போகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அட்டவணை இது. உனக்கு எப்படிப் பொருந்தும்? தோளுக்குப் புதன் ஒரு நாள்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். படுத்துக்கொண்டு எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது முன்தோள் வேலை செய்யாதா? கம்பைத் தலைக்கு மேல் சுழற்றும்போது எது வேலை செய்கிறது? கூட்டிப் பார்த்தால், வலிக்கிறது என்கிறாயே, அந்த வலது தோளுக்கு வாரம் ஏழு நாளும் ஓய்வே இல்லை. உன் தொழிற்சாலையில்கூட வார விடுப்பு கொடுக்கிறார்கள்.

சனிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் கம்பு காதோரம் போகும்போது முழங்கை நன்றாக உயர்ந்திருக்கிறது. மூன்றாவது சுற்றில் முழங்கை விலாவோடு ஒட்டிவிட்டது. கம்பின் நுனி தரையைச் சீய்த்துக்கொண்டு போகிறது. சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு விழுந்ததுகூடத் தெரிகிறது. அதைவிட எனக்குக் கவலை தந்தது உன் இடது குதிகால். சுவடு, அதாவது காலடி, மாற்றித் திரும்பும்போது அது தரையை விட்டு எழவே இல்லை. குதிகால் எழாமல் உடம்பு மட்டும் திரும்பினால் அந்தத் திருகல் முழுவதையும் முழங்கால்தான் தாங்க வேண்டும். இந்தப் பழக்கம் உனக்கு முன்பு கிடையாது. வியாழன் மாலை காலுக்குக் கடும் பயிற்சி, சனி காலை சுவடு. பழக்கமில்லாத பளுவைத் தூக்கினால் தசைவலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நேரம் பார்த்துக் காலடியைப் பழகினால் கால் தப்பாகத்தான் பழகும். தப்பாகப் பழகியதை மாற்றுவது எவ்வளவு பாடு என்று உனக்கே தெரியும்.

இதை அம்மாவின் புலம்பல் என்று தள்ளிவிடாதே. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழு 10 வாரம் எடைப் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. மூன்றாவது குழுவின் வலிமை முதல் ஏழு வாரம் வரை எடைக் குழுவைப் போலவே ஏறியது, பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கவே ஆரம்பித்தது. எங்கள் பயிற்சிக் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தும்போது ஒன்றை அழுத்திச் சொல்வார்கள்: அந்தக் குழு எடையும் ஓட்டமுமாக அநேகமாகத் தினமும் முழுமூச்சாகப் பயிற்சி செய்தது. கோளாறு இரண்டையும் சேர்த்ததில் இல்லை, சேர்த்த அளவில் இருந்தது. உன் நோட்டிலும் அந்த அளவுதான் பிரச்சினை.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். கம்பு நான்கு நாளும் இருக்கட்டும், ஆனால் நான்கும் கடுமையாக வேண்டாம். ஒரு நாள் எதிராளியைக் கம்பால் தொட்டு ஆடும் தொடுமுறை ஆட்டம், ஒரு நாள் தனியாகச் சுழற்றிக் காட்டும் அலங்கார வீச்சு, மற்ற இரண்டு நாள் உடலசைவுப் பாடமான மெய்ப்பாடமும் சுவடும் மெதுவாக, மூச்சு வாங்காமல். ஜிம் வாரத்துக்கு இரண்டு நாள், 50 நிமிடத்துக்கு மேல் கூடாது. மார்பு, கை, தோள் என்று உடம்பைக் கூறு போடாதே. இரண்டு நாளும் முழு உடம்புக்கும் செய். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ஒன்று, டெட்லிஃப்ட் மாதிரி இடுப்பை மடக்கி எழுவது ஒன்று, இழுப்பது ஒன்று, தள்ளுவது ஒன்று, கடைசியில் இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கம்புப் பிடிக்கு அந்த நடையைப் போல எதுவும் கிடையாது. தள்ளுவதற்குத் தண்டாலே போதும். தோள் வலி தீரும்வரை தலைக்கு மேல் எடையைத் தள்ளும் ஷோல்டர் பிரஸ் பக்கம் போகாதே. தள்ளுவதைவிட இழுப்பது கூடுதலாக இருக்கட்டும். ஐந்து முறை வீதம் மூன்று செட், நடுவில் மூன்று நிமிடம் உட்காரு. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிடு. கை நடுங்கும்வரை தூக்குவது ஜிம்மில் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். மறுநாள் கம்புக்கு அது ஆகாது.

இழுப்பதும் இடுப்பை மடக்குவதும் எப்படி என்று தெரிய வேண்டுமானால் தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பவர்களை நினைத்துப் பார். சின்ன வயதில் உன்னைச் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனால் ராட்டினத்தை விட்டுவிட்டு அவர்களைத்தானே பார்த்துக்கொண்டு நிற்பாய். கயிற்றைக் கையால் இழுக்கிறவர் அங்கே ஒருவர்கூட இருக்க மாட்டார். குதிகாலை மணலில் புதைத்து, முதுகை நேராக வைத்துப் பின்னால் சாய்ந்து, தொடையும் இடுப்பும் இழுக்கக் கை சும்மா கொக்கியாகத் தொங்கும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் அப்படித்தான் இழுக்கிறார்கள். டெட்லிஃப்டில் உன் முதுகு வளைகிறது என்று நீயே சொன்னாய். எடையைப் பாதியாகக் குறைத்து முதுகைச் சரிசெய். உன் அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் ப்ரூஸ் லீ, 1970இல் உடம்பைச் சரியாகச் சூடாக்கிக்கொள்ளாமல் எடைக் கம்பியைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்ந்துதான் முதுகைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அவருக்கே அந்தக் கதி.

இரும்புக் கம்பியைச் சிலம்பம்போலச் சுழற்றச் சொன்னாராமே ஜிம்காரர், அதை உடனே நிறுத்து. கனமான கம்பியில் மணிக்கட்டு திரும்பும் நேரம் வேறு, மூங்கிலில் வேறு. கைக்குத் தப்புத் தாளம் பழகிவிடும். போதாததற்குத் தோளையும் அது உலுக்கிவிடும். கர்லாக்கட்டை அப்படி இல்லை. அது தனி அசைவு. கம்பு வீச்சின் நகல் இல்லை. ஆசானிடம் கேட்டுச் சின்னக் கட்டையாக வாங்கிக்கொள்.

ஒரே நாளில் இரண்டும் வந்தால் காலையில் கம்பு, மாலையில் இரும்பு. நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். அடுத்தடுத்துச் செய்தே ஆக வேண்டுமென்றால் கம்புதான் முதலில். டிரெட்மில்லில் 40 நிமிடம் ஓடுகிறாயே, அதை எடுத்துவிடலாம். தொடுமுறையில் சில வினாடி பாய்ச்சல், சிறிது நிதானம், மறுபடி பாய்ச்சல். அந்த மூச்சுக்கு ஒரே சீராக ஓடுவதால் பெரிய பலன் இல்லை. ஆட்டத்தையே குறுகிய சுற்றுகளாக வைத்து, இடையில் ஓய்வெடுத்து ஆடினால் தானாக மூச்சு வளரும்.

இரவு ஷிப்ட் வாரத்துக்குத் தனிக் கணக்கு. அந்த வாரம் ஜிம் ஒரே நாள், செட்டும் குறைவு, ஆனால் எடையைக் குறைக்காதே. தூக்கியதெல்லாம் வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 16 வாரம் நன்றாகப் பயிற்சி செய்த இளவயதுக்காரர்கள் பிறகு வாரம் ஒரே நாளாகக் குறைத்துக்கொண்டும் 32 வாரம் வரை வலிமையைக் காப்பாற்றினார்கள். வலிமையை ஏற்றுவதுதான் கஷ்டம், காப்பாற்றுவது அத்தனை கஷ்டமில்லை. பகலில் ஐந்து மணி நேரம்தான் தூங்கினாய் என்றால் அன்று தொடுமுறை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கம்பு கண்ணுக்கு முன்னால் வரும்போதுதான் தெரியும்.

தோளைப் பற்றி. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண் அதைவிட மெதுவாகத்தான் வலுப்பெறும். உனக்கு வந்திருக்கும் வலி இந்த இடைவெளியில் வந்தது என்றுதான் என் அனுமானம். இரண்டு வாரம் தலைக்கு மேல் வீச்சைக் குறைத்து, இடுப்புயர வீச்சை மட்டும் செய்து பார். கை தலைக்கு மேல் தூக்க வராமல் போனாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாவிட்டாலோ, எலும்பு டாக்டரிடம் போ. ஜிம்காரர் தடவித் தரும் எண்ணெயெல்லாம் வேண்டாம்.

சாப்பாடு. உடம்பில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் புரதம் போதும் என்பது இப்போதைய கணக்கு. உன் 56 கிலோவுக்கு ஏறக்குறைய 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் போல, நூறு கிராம் வேர்க்கடலையில் 25. டப்பாவில் விற்கும் மாவு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புரதத்துக்காகப் பண்ருட்டி முந்திரி அனுப்பச் சொன்னாய். முந்திரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்புதான். ஆசைக்குச் சாப்பிடு, அனுப்புகிறேன். புரதக் கணக்கில் எழுதாதே. சோற்றைக் குறைத்துவிட்டாயாம். பயிற்சி நாளில் சோறு குறைத்தால் மூன்றாவது சுற்றில் முழங்கை விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும், அதனால்தான் அப்பா இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். மாதவிலக்கு சரியாக வருகிறதா? போன தடவை தள்ளிப்போனது என்றாய். சாப்பாடு குறைந்து பயிற்சி கூடினால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும். பிறகு எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014இல் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. மெலிந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதே. தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் எனக்குச் சொல்லக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பார்.

ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தையும் கட்டிவிட்டாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். கட்டியிருந்தால், வாரம் இரண்டு நாள் போவதால் பணம் வீண் என்று மனதை அலட்டிக்கொள்ளாதே. அவரை நான் சமாளித்துக்கொள்கிறேன். புது அட்டவணையை எழுதிப் படம் எடுத்து அனுப்பு. மாறிய வீச்சையும் ஒரு மாதம் கழித்துப் பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்பு. முன்னால் நின்று எடுத்தால் குதிகால் தெரிவதில்லை. அடுத்த வாரம் ஒசூர் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் முந்திரியும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். உன் பழைய கம்பும் இங்கேதான் இருக்கிறது. அதை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்கிறான், நீ வரும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா