செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். ஒரு சந்தேகம் கேட்கணும். ஆபீஸில் நிறையப் பேருக்கு லே ஆஃப் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் பயந்துபோய்க் கேட்டாள், மில்லில் நான் பார்க்காத லே ஆஃபா என்று சொல்லிவிட்டேன். கரண்ட் இல்லை, பஞ்சு வரவில்லை என்றால் போர்டு மாட்டுவார்கள், ஷிஃப்ட் நேரத்துக்கு கேட்டில் போய்ப் பெயர் பதிந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி வந்துவிடும். வராதவர்களுக்குப் பதில் நிற்கிற பதிலி ஆட்களுக்குத்தான் அதுவும் கிடையாது. ஆனால் வேலை நம்முடையதுதான், மறுபடி மெஷின் ஓடினால் கூப்பிடுவார்கள். அப்போது இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தில் லே ஆஃப் என்றால் அதுதான். ஒரேயடியாக அனுப்புவதற்குப் பெயர் ரிட்ரெஞ்ச்மென்ட், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.

மணி மாமா பையன் வேறு மாதிரி சொல்கிறான். உங்கள் அமெரிக்கக் கம்பெனிகளில் லே ஆஃப் என்றால் போனது போனதுதானாம். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் அது ஃபர்லோ, ஆள் மேல் தப்பு சொல்லி அனுப்பினால் ஃபயர். லே ஆஃபில் ஆள் மேல் தப்பில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அங்கே வேலை பார்க்கக் கொடுக்கிற எச்1பி விசாக்காரர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு கம்பெனி மனுப் போடணுமாம். அப்படியா கண்ணு?

நீ கெட்டிக்காரன், உன்னை விடமாட்டார்கள். நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீதான், இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறவன் இப்போது செவ்வாய், புதன் என்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுகிறாய், அங்கே அது நட்டப்பகல் இல்லையா? கூப்பிட்டாலும் சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா, அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்ல அப்படி என்ன கூச்சம்?

ஒன்று மட்டும் கேள். யாராவது ராஜினாமா எழுதிக் கொடு, கௌரவமாகப் போகலாம் என்றால் எழுதாதே. எழுதினால் நீயாகப் போனதாக ஆகிவிடும். எந்தக் காகிதமானாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, மில்லில் அப்படிப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று உனக்கே தெரியும். படித்த பிறகும் ஒரு நாள் கழித்தே போடு.

இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம். வாடகை வருகிறது, பென்ஷன் இருக்கிறது, நீ முன்பு அனுப்பியதே பாங்கில் கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல், திருப்பி அனுப்புகிறேன். குடும்ப குரூப்பில் எதுவும் போடாதே, அம்மா ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாள். என் நம்பருக்குத் தனியாக எழுது.

அப்பா