சனிக்கிழமை சுத்தியல் வேண்டாம்: கோயில் மண்டபக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

காவடிக்கு முன்னால் மண்டபத்துக்குப் புது சீலிங் போடப்போகிறீர்கள், சந்தோஷம். மழை ஒழுகி மஞ்சள் படிந்த அந்த அட்டைகளுக்குக் கீழேதான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் நடந்தன. ஆனால் சனிக்கிழமை பையன்கள் சுத்தியலோடு வரட்டும், பெண்கள் பெருக்கட்டும், பழையதைப் பக்கி வண்டியில் (சின்ன டிரக்கில்) ஏற்றிக் கொட்டிவிடலாம் என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மண்டபம் எழுபதுகளில் கட்டியது. இந்த நாட்டில் அஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்ததே 2008இல்தான். அதனால் அந்த அட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம்.

"வெள்ளையாத்தானே இருக்கு, நீல அஸ்பெஸ்டாஸ் இல்லையே" என்று ஓர் அண்ணன் பதில் போட்டிருந்தார். அட்டையின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் நாரின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, அண்ணா. வெள்ளை, பழுப்பு, நீலம் மூன்றுமே புற்றுநோய் தரும், மூன்றையும் நம் நாட்டிலேயே தோண்டினார்கள். சீலிங் அட்டைகளில் அதிகம் சேர்த்த பழுப்பு வகைக்கு அமோசைட் என்ற பெயரே இங்கிருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. ஜிப்சம் அட்டையா, அஸ்பெஸ்டாஸா என்று கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ சொல்லவே முடியாது, ஒரு துண்டை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அந்தத் துண்டை எடுப்பதும் பயிற்சி உள்ளவராக இருக்கட்டும்.

ஒரு நாள் தூசி என்ன செய்துவிடும் என்பீர்கள். ஒரே நாளில் நோய் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் பாதுகாப்பான அளவு இவ்வளவு என்று யாராலும் வரையறுக்க முடியாத பொருள் இது. நோய் தெரிய இருபது, நாற்பது வருடம்கூட ஆகும். நம் வட கேப் மாகாணத்தில் நீல அஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களைச் சுற்றி வந்த மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்) பற்றி 1960இல் ஆய்வுக்கட்டுரை வெளியானபோது, சுரங்கத்துக்குள் கால் வைக்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் அந்த நோயாளிகளில் இருந்தார்கள்.

கொரோனா காலத்துத் துணி முகக்கவசம் இதற்கு உதவாது. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் வாங்கினாலும் தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. காவடி விரதத்தில் சவரம் செய்யாத பையன்களைத்தானே நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்கள்!

அஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தாலும், உடையாமல் நல்லபடியாக இருக்கும் அட்டையை உடனே கழற்ற வேண்டியதில்லை. ஆணி, டிரில், தோரணம் கட்டும் கொக்கி எதுவும் அதில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஊறி உதிர்வதை மட்டும் தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர் வந்து, நனைத்து, முழுசாக இறக்கி, இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவுக்கு உரிமம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகட்டும். நம் நாட்டின் 2020 அஸ்பெஸ்டாஸ் விதிமுறைகளின் வழியும் இதுதான். செலவு கூடும், தெரியும். நன்கொடைச் சீட்டை நானே வீடு வீடாகக் கொண்டுபோகிறேன்.

அப்புறம், போன வாரம் சமையலறை வாசலில் விழுந்த இரண்டு அட்டைகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. துடைப்பமோ வேக்குவமோ அதன் பக்கம் போகவேண்டாம். இன்றைக்கே மின்விசிறியை நிறுத்தி அந்தக் கதவைப் பூட்டிவிடுங்கள், சாவி பூசாரி ஐயாவிடம் இருக்கிறது.

உங்கள் பழைய தேவாரப் பள்ளி மாணவி