மழைச் சத்தத்துக்கு எழும்பி உட்காரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். "அக்கா, தகரத்துல மழை விழுந்தாலே எழும்பி உட்கார்ந்துடுறேன். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா மண்ணுதான் வருது. என் விசுவாசம் போயிருச்சா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல் முழித்திருக்கிற வேறு யாராவது வாசித்தாலும் நல்லதுதான்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இலங்கை முழுக்க 600 பேருக்கு மேல் கொண்டுபோய்விட்டது. நுவரெலியா, பதுளை, கண்டி என்று நம் மலைகளில்தான் மண்சரிவு அதிகம். அந்த ராத்திரியைக் கண்ட உடம்பு மழைக்கு நடுங்கத்தான் செய்யும். சபையில் யாரோ உன்னை விசுவாசக் குறைவு என்றார்களாமே, அதை மனதில் வைக்காதே. மாற்கு 4ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இயேசு தலையணையில் தலை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். ஜெபம் மாதிரியா இருக்கிறது? கோபத்தில் கேட்கிற கேள்வி. ஆனாலும் அவர் எழும்பினார். முதலில் காற்றை அதட்டினார், ஏன் பயந்தீர்கள் என்று அப்புறம்தான் கேட்டார். உனக்கு வருகிற ஜெபம் அந்தக் கேள்வி மட்டும்தான் என்றால் அதையே கேள்.

என் கதையையும் சொல்கிறேன், இதை உனக்கு நான் சொன்னதில்லை. அம்மா விடியற்காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டே 121ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." கூடையை எடுத்து மாட்டுவதற்குள் சங்கீதம் முடிந்துவிடும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் சங்கீதம் எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. வாசலில் நின்று மலையைப் பார்ப்பேன், அடுத்த வரி வராது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன்.

பிறகு ஒருநாள் ஏசாயா 54:10 கண்ணில் பட்டது. "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும், என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும் இருக்கும்." சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். அன்றைக்கு 'விலகினாலும்' என்கிற சொல்லில் நின்றுவிட்டேன். மலை விலகாது என்று அதில் வாக்கு இல்லை, தம்பி. விலகிய பிறகும் அவர் இருப்பார் என்றுதான் வாக்கு. அழுதேன். அதற்கப்புறம் அம்மாவின் சங்கீதத்தில் அடுத்த வரியும் வந்தது: ஒத்தாசை மலையிடமிருந்து வரவில்லை, அதை உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செத்த வீட்டில் வந்து உட்கார்ந்து எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று சட்டென்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. சரிவில் லயத்தைக் கட்டி, தலைமுறை தலைமுறையாக ஜனங்களை அங்கேயே விட்டது மனுஷர். அதைக் கர்த்தர் தலையில் போடக்கூடாது. அதேபோல, சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் ஜெபித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன். மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, புதிதாக ஊற்று கிளம்பினாலோ, நிலம் வெடித்தாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புறப்படு. ஜெபத்தை வழியில் பண்ணலாம்.

சமாதானம் எப்படி இருக்கும் என்று கேட்டாயே. புயலுக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்திருந்தபோது பக்கத்துப் பாயில் ஒரு பாட்டி இருந்தார். வீடு போய்விட்டது, கையில் ஒரு துணிப்பை. கிடைத்த பிளேன்டீயில் பாதியை அழுகிற பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, பக்கத்திலேயே இரும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் தூங்கிவிட்டார். "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இயேசு சொன்னதும் தம்மைப் பிடித்துக்கொண்டுபோன அதே ராத்திரியில்தானே. அந்தப் பாட்டியின் ஜெபத்தைத்தான் இப்போது நானும் சொல்கிறேன், சில நாள் அது மட்டும்தான் சொல்ல முடிகிறது.

தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் போனால் டாக்டரிடமும் போய்க் காட்டு, வெட்கப்படாதே. முடிந்தால் ஒரு சனிக்கிழமை இங்கே வந்துவிடு, ஞாயிறு ஆராதனைக்குச் சேர்ந்து போகலாம். பாட வராவிட்டால் சும்மா பக்கத்தில் உட்கார், நான் பாடுகிறேன்.

இப்போதும் இங்கே மழைதான். பீலியைப் பார்த்துவிட்டு வந்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் விழுகிறது. நீ முழித்திருந்தால் கூப்பிடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா