மோசடி என்று எழுதினால் மோசடி ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

"கடன் வாங்கித் திருப்பித் தராதவன் மேல் போலீசில் ஒரு புகார் கொடுங்கள், ஓடி வந்து கட்டுவான்" என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் மனு எழுதியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

கைமாற்று கொடுத்து ஏமாந்தவர்கள் வந்து உட்கார்ந்ததும், "மோசடின்னு போட்டு எழுதுங்க" என்பார்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மறுக்கவில்லை. என் சீனியர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்: "வாங்கும்போதே தரக் கூடாதுன்னு நினைச்சானா, வாங்கின பிறகு முடியாம போச்சா?" இல்லாத நிலத்துக்குப் போலிப் பத்திரம் காட்டி முன்பணம் வாங்கினால் அது கிரிமினல். நாலு மாதம் ஒழுங்காக வட்டி கட்டியவன், தொழில் படுத்ததும் ஐந்தாம் மாதம் போனை எடுக்காமல் இருந்தால், பெரும்பாலும் அது சிவில்தான், அதாவது பணத்தை வசூலிக்க நாமே கோர்ட்டில் வழக்குப் போட வேண்டிய விஷயம். வயிறு எரியும். இருந்தாலும் சிவில்தான். ஒப்பந்தப்படி நடக்க முடியாமல் போனதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்று 1966-இல் ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவே சொல்கிறது.

சில விஷயங்கள் இரண்டு வழியிலும் போகும். அமெரிக்காவில் முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனை, முன்னாள் மனைவியையும் அவரது நண்பரையும் கொன்றதாக வந்த வழக்கில் 1995-இல் ஜூரி விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கில் 1997-இல் அதே சாவுகளுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாகி, 3.35 கோடி டாலர் இழப்பீடு விதித்தார்கள். முதல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியிருந்தது; இரண்டாவதில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும்.

இன்னொன்று. பணம் கைக்கு வந்ததும், "சரி, கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். சிவில் வழக்கு என்றால் அவர் போட்டது, அவரே எடுக்கலாம். கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. அதில் அவர் வெறும் சாட்சி. பல குற்றங்களில் நினைத்தபடி விலக முடியாது.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது காலக்கெடு. கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்குச் சட்டத்தில் ஒரு கெடு உண்டு. காவல் நிலையத்துக்கு அலைந்த நாட்களைப் பொதுவாக அதில் கழித்துத் தருவதில்லை. அப்படி அலைந்து ஓய்ந்த ஒருவர் கடைசியாக எங்களிடம் வந்தார். சட்டைப்பையிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப்போன புரோநோட்டை மேஜையில் விரித்து வைத்தார். சீனியர் தொகையைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தார். கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்