நீர்ச் சுழற்சிப் படத்தில் மனிதரையும் வரையுங்கள்

பாடநூல் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், பாடப் படங்கள் வரையும் ஓவியர்களுக்கும்,

வணக்கம்.

நீர்ச் சுழற்சி என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வருகிறது. ஒரு பக்கம் பனி மூடிய மலை, மறுபக்கம் கடல், மேலே சூரியனும் இரண்டு மேகங்களும். கடலிலிருந்து மேலே ஓர் அம்பு, மேகத்திலிருந்து கீழே ஓர் அம்பு, மலையிலிருந்து கடலுக்கு ஓர் ஆறு. ஆவியாதல், ஆவி சுருங்குதல், பொழிவு, வழிந்தோடல் என்று நான்கு பெயர்கள். வயல் இல்லை, அணை இல்லை, ஆழ்துளைக் கிணறு இல்லை, சாக்கடையும் இல்லை. நீரியல் துறையில் இருக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்தைத் திருத்தி வரையுங்கள்.

இது எங்கள் மனக்குறை மட்டுமல்ல. 2019இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளிலிருந்து 450க்கும் மேற்பட்ட நீர்ச் சுழற்சிப் படங்களைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் 85 விழுக்காட்டில் மனிதச் செயல் எதுவுமே இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 2022 அக்டோபரில் தன் படத்தை மாற்றி வெளியிட்டது. பாசனம், நீர்த்தேக்கம், நகரப் பயன்பாடு, நிலத்தடி நீர் இறைப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆக, திருத்த முடியாத படம் அல்ல இது.

பழைய படத்தைப் படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? நீர் அழிவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது, ஆகவே தீராது. முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு. பூமியின் மொத்த நீர் குறையாமலே ஓர் ஊரின் நீர் தீர்ந்துபோகும். தேவை ஓரிடத்தில் இருக்க மழை வேறிடத்தில் பெய்யும். நீர் உப்பாகும், அழுக்காகும், எட்டாத ஆழத்துக்கு இறங்கும். மத்திய ஆசியாவில் உள்ள அரல் கடல் என்ற ஏரிக்கு நேர்ந்ததும் இதுதான். அதில் வந்து சேர்ந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் திருப்பப்பட்டது. ஆவியாதலும் மழையும் நின்றுவிடவில்லை. ஆனாலும் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது சில பத்தாண்டுகளில் துண்டு துண்டாகிப்போனது. பழைய படத்தை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

எண்களையும் போடுங்கள், மாணவர்களால் தாங்க முடியும். ஒரு கன கிலோமீட்டர் என்பது ஒரு லட்சம் கோடி லிட்டர். உலகின் ஆறுகள் அனைத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் நீர் ஏறத்தாழ 2,100 கன கிலோமீட்டர். மனிதர் ஆண்டுக்கு எடுப்பது ஏறத்தாழ 4,000. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அப்படியும் ஆறுகள் ஓடுகின்றன என்றால், அவற்றின் நீர் இரண்டு மூன்று வாரங்களில் மாறிப் புதிதாகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். காற்றிலுள்ள நீராவி சராசரியாக ஒன்பது நாளில் மழையாகிவிடும். ஆழமான நிலத்தடி நீரோ ஊறிச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால், வேகம் என்ற முக்கியமான செய்தி காணாமல் போகிறது. ஆறு, காற்று, நிலத்தடி என நீர் தங்கும் ஒவ்வோர் இடத்தின் பக்கத்திலும் 'இங்கே நீர் தங்கும் காலம்' என்று எழுதுங்கள்.

ஓவியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்பின் பருமனை அளவுக்கேற்ப வைப்பது நல்லதுதான், ஆனால் ஒரே படத்தில் அது கைகொடுக்காது. 10,000 கன கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கொள்வோம். கடலிலிருந்து எழும் ஆவி ஏறத்தாழ 43 மி.மீ., நிலத்தில் பெய்யும் மழை 11, ஆறுகள் கடலில் சேர்ப்பது 4. மனிதர் எடுப்பது 0.4 மி.மீ., அச்சில் ஒரு மயிரிழை. பார்ப்பவர் 'இவ்வளவுதானா' என்று கடந்துவிடுவார். ஆனால் ஆற்று நீரின் பெரும்பங்கு வெள்ளமாகவோ மனிதர் எட்டாத வனப்பகுதிகளிலோ ஓடிவிடுகிறது. மனிதருக்கு எட்டுவது ஆண்டுக்கு 12,500 கன கிலோமீட்டர்தான் என்று 1996இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் நாம் எடுப்பது மூன்றில் ஒரு பங்கு. எனவே இரண்டு படம் போடுங்கள். ஒன்று உலகத்துக்கு, எண்களோடு. மற்றொன்று ஒரே ஓர் ஆற்றின் வடிநிலத்துக்கு, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் சேரும் நிலப்பரப்புக்கு, மழைக்காலம் ஒன்று, கோடைக்காலம் ஒன்று என இரண்டு நிலைகளில்.

வடிநிலப் படத்தில் மனிதருக்கு இரண்டு அம்புகள் வேண்டும்: எடுக்கும் நீர், திரும்பும் நீர். உலக அளவில் எடுக்கும் நீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி பயிர் வழியாகவும் ஈர மண் வழியாகவும் ஆவியாகிவிடுவதால் திரும்பும் அம்பு மெலிந்திருக்கும். அனல்மின் நிலையம் குளிர்விக்க எடுக்கும் நீரில், ஒருமுறை ஓடவிட்டுத் திருப்பும் முறை என்றால், பெரும்பகுதி திரும்பிவிடும், ஆனால் சூடாக. வீட்டு நீர் கழிவுநீராகத் திரும்பும். திரும்பும் அம்புக்கு வேறு நிறம் கொடுங்கள். அளவு குறைவது ஒரு பிரச்சினை, தரம் கெடுவது இன்னொன்று என்பது நிறத்திலேயே விளங்கிவிடும்.

நிலத்தடி நீரை ஏரிபோல நீலத் திட்டாக வரைவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது மணல் துகள்களின் இடுக்கிலும் பாறை விரிசல்களிலும் இருக்கும் நீர். கோடையில் மழையே இல்லாத நாளில் ஆறு ஓடுவது பெரும்பாலும் இந்த நீர் பக்கவாட்டில் கசிந்து வருவதால்தான். இறைப்பு மிகுந்து நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே இறங்கினால் ஓட்டம் திரும்பிவிடும். ஆறு நிலத்துக்குள் வடியும்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். வெந்நீர்க் கிண்ணத்தை பிளாஸ்டிக் தாளால் மூடிப் பனிக்கட்டி வைக்கும் பழைய சோதனை ஆவி சுருங்குதலைக் காட்டும், பற்றாக்குறையைக் காட்டாது. அதோடு இதையும் சேருங்கள். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள ஒளிபுகும் தட்டு ஒன்றில், கழுவிய பருமணலை 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். ஒரு முனையில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் மணலைச் சரிவாக வாரிப் பள்ளமாக்குங்கள், அது ஆறு. மறுமுனையில், அடிப்பகுதியில் சிறு துளைகள் இட்ட இரண்டு செ.மீ. விட்டக் குழாயை, துளைகளின்மேல் மெல்லிய துணி சுற்றி நட்டுவையுங்கள், அது கிணறு. துணி இல்லாவிட்டால் மணல் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். பள்ளத்தில் மூன்று செ.மீ. நீர் நிற்கும்வரை மணல்மேல் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஊசியில்லாத 60 மில்லி சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டிக் கிணற்றிலிருந்து உறிஞ்சுங்கள். நான்கு முறை இழுத்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு செ.மீ. இறங்கும். கிணற்றில் இறைக்க ஆறு வற்றுவதை மாணவர் கண்ணால் பார்ப்பார். நுண்மணல் வேண்டாம், நீர் மெதுவாக நகர்வதால் ஒரு பாடவேளைக்குள் மாற்றம் தெரியாது.

எடுத்த நீரைக் கொட்டிவிடாமல் தனிக் குவளையில் வையுங்கள். அதில் சிறிது களிமண்ணும் சில சொட்டு உணவு வண்ணமும் கலந்து மணல்மேல் திரும்ப ஊற்றினால் களிமண் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். வண்ணம் கீழே போகும், இறைக்க இறைக்கக் கிணற்றுக்கும் வரும். மண் எதை வடிகட்டும், எதை வடிகட்டாது என்பதற்குத் தனிப் பாடமே தேவையில்லை.

காடும் விடுபடக் கூடாது. நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் கடலிலிருந்து வருவதல்ல. நிலத்திலிருந்தே, பெரும்பாலும் செடிகொடிகளின் நீராவிப்போக்கு வழியாக மேலே போவதும் அதில் உண்டு. மரத்திலிருந்து மேகத்துக்கு ஓர் அம்பு போட்டால் போதும்.

கடைசியாக, வினாத்தாள். 'நீர்ச் சுழற்சியின் நிலைகளை எழுதுக' என்ற கேள்வி இருக்கும்வரை ஆசிரியர்கள் நான்கு பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடிநிலப் படத்தைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: 'கிணறுகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் எந்த அம்புகள் பருக்கும், எவை மெலியும்? காரணம் கூறுக.' விடைக்குறிப்பில் கிணற்று அம்பு பருத்ததற்கு ஒரு மதிப்பெண், ஆற்றின் கோடை ஓட்டம் மெலிந்ததற்கு இரண்டு, நிலத்தடி நீரும் ஆறும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற காரணத்துக்கு இரண்டு.

இப்படிக்கு,
நீரியல் துறையில் பணிபுரிவோர்