மகளுக்கு, தேய்மானக் கணக்கு பற்றி

அன்பு மகளுக்கு,

இயந்திரத்தின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதும் தேய்மானத்தை எந்த முறையில் போடுவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் அடக்க விலையை, அதாவது இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன மொத்தச் செலவை, சரிபார். பில் தொகையோடு வண்டி வாடகை, அடித்தளம், பொருத்தும் கூலி, சோதனை ஓட்டச் செலவு எல்லாம் சேரும். திரும்பக் கிடைக்கும் வரியும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த செலவும் சேராது. இங்கே விட்ட தப்பு கடைசி வருடம் வரை கூடவே வரும்.

இயந்திரம் 10,00,000, வண்டி வாடகை 40,000, அடித்தளமும் பொருத்துதலும் 60,000 என்று வை. அடக்கம் 11,00,000. ஆயுள் 5 வருடம், எறிமதிப்பு, அதாவது ஆயுள் முடிந்து விற்றால் கிடைப்பது, 1,00,000. நேர்கோட்டு முறையில் எறிமதிப்பு போக மிச்சத்தைச் சமமாகப் பிரித்தால் வருடத்துக்கு 2,00,000, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருடமும் ஏட்டில் மிச்சமுள்ள மதிப்பின் மேல் ஒரே சதவீதம் போடும் குறைந்துசெல் இருப்பு முறையில்தான் கவனம் வேண்டும். இரட்டை விகிதமென்றால், ஐந்து வருடத்துக்கு வரும் 20 சதவீதத்தின் இரு மடங்கு, 40 சதவீதம். இதில் எறிமதிப்பை முதலில் கழிக்காதே, முதல் வருடம் முழு அடக்கத்தின் மேல் போடு. முதல் வருடம் 4,40,000, அடுத்து 2,64,000, பிறகு 1,58,400, நான்காம் வருடம் 95,040. ஏட்டில் மிச்சம் 1,42,560. ஐந்தாம் வருடமும் 40 சதவீதம் போட்டால் 57,024 கழிந்து, ஏட்டு மதிப்பு எறிமதிப்புக்குக் கீழே இறங்கிவிடும். 42,560-ஓடு நிறுத்து. எக்செல்லில் சூத்திரத்தை அப்படியே கீழே இழுக்கும்போது தவறுவது இந்த இடத்தில்தான். சீக்கிரம் பழசாகிப்போகும், பிற்காலத்தில் ரிப்பேர் செலவு ஏறும் இயந்திரத்துக்கு இந்த முறை பொருத்தம்.

ஓடும் நேரத்தால் மட்டுமே தேய்கிற இயந்திரமென்றால் மணிக்கணக்கு நியாயமானது. அதே இயந்திரம் மொத்தம் 20,000 மணி ஓடுமென்றால், எறிமதிப்பு போக 10,00,000-ஐ அதால் வகுக்க மணிக்கு 50. இந்த வருடம் 5,200 மணி ஓடினால் 2,60,000. மணி மீட்டர் பதிவேடு ஒழுங்காக இல்லாத இடத்தில் இதைத் தொடாதே. மற்ற இரண்டிலும் இயந்திரம் சும்மா நின்றாலும் தேய்மானம் நிற்காது. ஓட்டத் தயாரான நாளிலிருந்தே அது தொடங்கும். உற்பத்தி பிறகு ஆரம்பித்தாலும் சரி.

உலை மாதிரி உருப்படிகளைப் பிரித்து எழுது. உள்ளே இருக்கும் செங்கல் பூச்சு 2 வருடத்தில் மாறும், உடல் 15 வருடம் நிற்கும் என்றால் இரண்டுக்கும் ஒரே ஆயுள் போடுவது பெரிய பிழை. பூச்சை மாற்றும்போது பழையதன் மிச்ச மதிப்பை ஏட்டிலிருந்து எடுத்துவிடு.

ஆயுள் மதிப்பீடு மாறினால் பழைய வருடங்களைத் திருத்தாதே. மேலே சொன்ன இயந்திரம் நேர்கோட்டு முறையில் இரண்டு வருடம் முடிந்து 7,00,000-இல் இருக்கிறது, இன்னும் 5 வருடம் ஓடும் என்று பொறியாளர் சொல்கிறார் என்றால், எறிமதிப்பு போக 6,00,000-ஐ ஐந்தாகப் பிரித்து வருடம் 1,20,000 போடு. அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வை, தணிக்கையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
அம்மா