பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நம் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் வரிசையில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். பேராசிரியர் பட்டியலில் அந்த விகிதம் இறங்கிவிடுகிறது. மலேசியாவின் முதல் பெண் துணைவேந்தராக ரஃபியா சாலிம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றதே 2006-இல்தான். கேட்டால், "தகுதியை மட்டுமே பார்க்கிறோம்" என்பார்கள். சுவீடன் மருத்துவ ஆய்வு மன்றமும் அப்படித்தான் நம்பியது. 1997-இல் வெளியான ஆய்வு அந்த மன்றத்துக்கு வந்த விண்ணப்பக் கோப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தது: ஆணுக்குக் கிடைத்த அதே புள்ளியைப் பெற, பெண் இரண்டரை மடங்கு ஆய்வுப் பங்களிப்பு காட்ட வேண்டியிருந்தது.

கோளாறு பெரும்பாலும் எண்ணும் முறையில் இருக்கிறது. ஐந்தாண்டில் எத்தனை ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) கட்டுரை என்று கேட்கும் பதவி உயர்வுப் படிவம், அந்த ஐந்தாண்டில் எத்தனை மாதம் பணியில் இருந்தீர்கள் என்று கேட்பதில்லை. 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டம் தரும் மகப்பேறு விடுப்பு 98 நாள். அதாவது 14 வாரம், ஒரு செமஸ்டரின் விரிவுரைக் காலம் முழுவதும். இரண்டு பிள்ளை என்றால் 28 வாரம்; 60 மாதத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய 53.5 மாதம். மாதக் கணக்கில் வகுத்தால், அவருடைய 9 கட்டுரை, முழுக்காலம் இருந்தவரின் 10 கட்டுரைக்குச் சற்று மேல். படிவத்திலோ அவர் ஒன்று குறைவு.

உண்மையில் இழப்பு 14 வாரத்தோடு நிற்பதில்லை. ஆய்வுக்கூட வேலை நின்றுபோகும், மானியக் கெடு தவறும், முனைவர் பட்ட மாணவர் வேறு மேற்பார்வையாளரிடம் போய்விடுவார். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தன் இளநிலை மானியங்களில் தாய்மாரின் விண்ணப்பத் தகுதிக் காலத்தை ஒரு பிள்ளைக்கு 18 மாதம் வீதம் கூட்டிக் கணக்கிட்டது இதனால்தான்.

ஒன்றில் கவனம் வேண்டும். சமத்துவம் என்று சொல்லி அதே சலுகையைத் தந்தையருக்கும் அப்படியே நீட்டினால் காரியம் கெடும். அமெரிக்கப் பொருளியல் துறைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது: பிள்ளை பிறந்தால் நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டைத் தள்ளிப்போட இருபாலாருக்கும் கிடைத்த கூடுதல் ஆண்டில் ஆண்கள் முன்னணி இதழ்களில் கட்டுரை சேர்த்தார்கள், பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைப்பது முன்பைவிடக் குறைந்தது. பிள்ளை பெற்றவருக்கு ஒரு கணக்கு, பிள்ளை வளர்ப்புக்கு உண்மையாகவே விடுப்பு எடுத்தவருக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பதே சரி.

இன்னொன்று, எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரக் கோப்பு, மாணவர் நலன், பட்டமளிப்பு விழா ஏற்பாடு போன்றவை. "நீங்கள்தான் பொறுப்பாகச் செய்வீர்கள்" என்ற பாராட்டோடு இவை பெண்கள் மேசைக்கு வரும், பதவி உயர்வில் இவற்றுக்குப் புள்ளியோ சொற்பம். யார் எந்தக் குழுவில் எத்தனை மணி நேரம் என்பதைத் துறைத் தலைவர் செமஸ்டர்தோறும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கனமான குழுக்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கை மாறட்டும். படிவத்தில் 'பணியில் இருந்த மாதங்கள்' என்று ஒரு கட்டம் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவையான செனட்டின் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம்.

இப்படிக்கு,
விரிவுரையாளர் ஒருவர்,
கோலாலம்பூர்